பத்து ஞாயிறும் ஓர் அட்டைப்பெட்டியும்: புதுச்சேரியில் நான் படித்த வாக்காளர் ஆய்வு வகுப்பு

கடலூர் ஓ.டி.யிலிருந்து, அதாவது பழைய நகரத்திலிருந்து, பத்து ஞாயிற்றுக்கிழமைகள் பஸ் ஏறிப் புதுச்சேரி போய் ஒரு வகுப்பு படித்துவிட்டு வந்தேன். மக்கள் ஏன் ஓட்டுப் போட வருகிறார்கள், யாருக்குப் போடுவது என்று எப்படி முடிவு செய்கிறார்கள், அதை ஆராய்ச்சி செய்கிறவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் பாடம். கட்டணம் 3,500 ரூபாய். காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. நடுவில் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் உண்டு. சேரலாமா என்று இதுவரை மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. நடத்துகிறவர்களே அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். தேர்தல் நெருங்கினால், "எங்க தொகுதிக்கு ஒரு சர்வே எடுத்துக் குடுங்க" என்று கட்சிக்காரர்கள் மாடிப்படியில் வந்து நிற்கிறார்களாம். நேரு வீதியிலிருந்து நடக்கிற தூரம்தான். கீழே ஜெராக்ஸ் கடை, இரண்டாவது மாடியில் நீளமான ஓர் அறை, மூன்று மின்விசிறி. படிக்கட்டு குறுகல், கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். முட்டி வலி உள்ளவர்கள் இதை முதலில் யோசித்துக்கொள்ள வேண்டும்.

நான் ஏன் போனேன் என்பதைச் சொன்னால்தான் நான் சொல்லும் நிறைகுறை உங்களுக்குப் புரியும். நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். 1996-இல் முதல் தேர்தல் டியூட்டி, 2021-இல் கடைசி. முதலில் விரலில் மை வைப்பதும் பட்டியலில் பெயர் பார்ப்பதும் என் வேலை. பிறகு பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். 1996-இல் முத்திரை குத்தி மடித்த வாக்குச்சீட்டு. 2021-இல் மெஷின், பக்கத்திலேயே ஏழு நொடி சீட்டைக் காட்டும் வி.வி.பேட். எந்தக் காலமாக இருந்தாலும் என் வேலையில் பாதி, அந்த அட்டை மறைவுக்குப் பின்னால் ஒரு ஆள் தனியாக நிற்கிறாரா என்று பார்ப்பதுதான். பாட்டிகள் வந்து "எதுல குத்தட்டும் டீச்சர்?" என்று கேட்பார்கள். "நான் சொல்லக் கூடாதும்மா, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வேன். சாயங்காலம் படிவம் 17சி-யில் மொத்தம் எத்தனை வாக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இருபத்தைந்து வருடம் 'எத்தனை' என்று எழுதினேன். 'ஏன்' என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று. அந்த ஏக்கம்தான் என்னை அந்த மாடியில் ஏற்றியது.

எங்கள் அணியில் பதினெட்டுப் பேர். காலாப்பட்டு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படிக்கும் இரண்டு பிள்ளைகள், ஒரு சட்டக்கல்லூரி மாணவன், நெய்வேலியிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஒருவர், மகளிர் குழு நடத்தும் ஒரு பெண், இரண்டு கட்சிக்காரர்கள், ஒரு சொல்தா வீட்டு அம்மா. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்ததால் அந்த அம்மாவுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை. நம் தேர்தலில் அவருக்கு ஓட்டு இல்லை. பிரான்ஸ் ஜனாதிபதி தேர்தலில் இங்கேயே போடுகிறார். இந்தக் கலவைதான் வகுப்பின் பாதி பலம். பாடம் எடுக்கும் மேடம் பல வருடம் வீடு வீடாகப் போய் ஆய்வு எடுத்தவர். அது முதல் நாளே தெரிந்துவிட்டது.

அவர் ஆரம்பித்தது 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்ற பழமொழியில். சரியா தவறா என்று கேட்டார். எல்லோரும் சரி என்றோம். "அடுப்பு ஒரு பக்கம் மட்டும் எரிஞ்சா?" என்றார். பானையில் ஒரு பக்கம் குழைந்திருக்கும், ஒரு பக்கம் அரிசியாக இருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. அதிலிருந்து நேராக 1936-க்குப் போனார். அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை, ஜனாதிபதி தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று கேட்டு ஒரு கோடி பேருக்குச் சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. ஜெயித்தது ரூஸ்வெல்ட், லாண்டனுக்கு 48 மாநிலத்தில் இரண்டுதான். சீட்டு அனுப்பிய முகவரிகள் டெலிபோன் வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் பட்டியலிலிருந்து வந்தவை. பதில் எழுதி அனுப்ப மெனக்கெட்டவர்களும் ஒரு குறிப்பிட்ட வகையினரே. அதே வருடம் காலப் என்ற கருத்துக்கணிப்பாளர் அதைவிட மிகக் குறைவான பேரைக் கேட்டு, அதாவது சின்ன மாதிரியை வைத்துக்கொண்டு, ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னார். ஆயிரம் பேரைச் சரியாகக் குலுக்கி எடுத்தால் பிழை மேலே மூன்று, கீழே மூன்று சதவீதத்துக்குள் நிற்கும் என்பதை நான் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் நடத்தியிருக்கிறேன். ஆனால் இருபது லட்சம் பேர் சேர்ந்து தப்பாகச் சொல்ல முடியும் என்பதை இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் காட்டியதில்லை.

இன்னொன்றும் அன்று சொன்னார். 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில், புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்தியாவோடு சேருவதா என்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். 178 பேர் என்றால் எல்லோரிடமும் போய்க் காரணம் கேட்கலாம். 2024-இல் புதுச்சேரியில் சுமார் 10 லட்சம் வாக்காளர்கள். அதனால்தான் மாதிரி தேவைப்படுகிறது.

இரண்டாவது, மூன்றாவது ஞாயிறுகளில் ஆராய்ச்சி வரலாறு. 1940-இல் லாசர்ஸ்ஃபெல்ட் குழுவினர் ஒஹையோ மாநிலத்தில் ஈரி என்ற மாவட்டத்தில் ஒரே அறுநூறு பேரை மே மாதத்திலிருந்து நவம்பர் வரை திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். பிரசாரம் மனதை எப்படி மாற்றுகிறது என்று பார்க்கப் போனவர்கள், பெரும்பாலானோர் மனம் மாறவே இல்லை என்பதைக் கண்டார்கள். மாறின கொஞ்சம் பேரும் ரேடியோவைக் கேட்டு மாறினதைவிட, பக்கத்தில் இருக்கும், விவரம் தெரிந்த ஒருவர் பேச்சைக் கேட்டு மாறியது அதிகம். மகளிர் குழு நடத்தும் பெண் உடனே, "எங்க தெருவுல அது நான்தான் மேடம்" என்றார். அவர் பெருமைக்காகச் சொல்லவில்லை, எனக்கும் அது உண்மை என்றுதான் பட்டது.

அப்புறம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார். கேம்ப்பெல், கன்வர்ஸ், மில்லர், ஸ்டோக்ஸ் நால்வரும் 1960-இல் வெளியிட்ட ஆய்வு. கட்சிப் பிடிப்பு என்பது குலதெய்வம் மாதிரி வீட்டிலிருந்தே வருகிறது. வேட்பாளரையும் பிரச்சினையையும் நாம் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறோம் என்பது சாரம். குலதெய்வம் என்ற உவமை மேடத்துடையது. வகுப்பில் எல்லோருக்கும் வாய் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் எப்போதும் உதயசூரியன், எங்கள் அம்மா இரட்டை இலையைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 2006-இல் விருத்தாசலத்தில் என்ன நடந்தது என்று கேட்டார். எங்கள் மாவட்டம் என்பதால் நான் பதில் சொன்னேன். 2005-இல் ஆரம்பித்த கட்சி தே.மு.தி.க.; அடுத்த வருடமே அந்தத் தொகுதியில் விஜயகாந்த் ஜெயித்தார். ஒரு வயதுகூட நிரம்பாத கட்சி மேல் பரம்பரைப் பிடிப்பு எங்கிருந்து வரும்? புதுச்சேரிக்கு வந்தால் இன்னும் தெளிவு. ரங்கசாமி 2011 பிப்ரவரியில் புதுக் கட்சி தொடங்கி மே மாதத்தில் ஆட்சிக்கே வந்துவிட்டார். அதே ரங்கசாமி 2021-இல் தட்டாஞ்சாவடியில் ஜெயித்து, ஏனாமில் ஒரு சுயேச்சையிடம் தோற்றார். அந்தத் தேர்தலில் 30 தொகுதியில் ஆறு சுயேச்சைகள் ஜெயித்தார்கள். அப்போது தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரியாக இரண்டரை லட்சம் வாக்காளருக்கும் மேல். இங்கே சராசரி முப்பத்து மூவாயிரம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்து நிற்கிற ஆளைக் கட்சி இல்லாமலே மக்களுக்குத் தெரியும். ஓர் ஊரில் கண்டுபிடித்ததை இன்னோர் ஊரில் அப்படியே வைத்துப் பார்க்கக் கூடாது என்பதை நான் இந்த மூன்று மணி நேரத்தில் கற்றேன். இந்த ஒரு வகுப்புக்கே 3,500 கொடுக்கலாம்.

நாலாவது ஞாயிறு டவுன்ஸ் என்ற பொருளாதார அறிஞர். 1957-இல் அவர் எழுப்பிய கணக்கு இது. ஓட்டுப் போடப் போவதற்கு நேரம் செலவு, வெயில், ஒரு நாள் கூலி. நம் ஒரு ஓட்டு முடிவை மாற்றும் வாய்ப்போ கிட்டத்தட்டப் பூஜ்யம். பிறகு ஏன் போகிறோம்? சட்டக்கல்லூரிப் பையன் காட்டுமன்னார்கோவிலைச் சொன்னான். 2016-இல் அங்கே திருமாவளவன் தோற்றது 87 ஓட்டில். கேட்டவுடன் அதுவே பதில் என்று தோன்றும். கணக்காகப் பார்த்தால் அப்படி இல்லை. 87 என்றாலும், தனியாக ஒருவர் வீட்டிலேயே இருந்திருந்தால் முடிவு மாறியிருக்காது. 1968-இல் ரைக்கர், ஆர்டஷுக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கணக்கில் 'கடமை உணர்வு' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். போட்டால் கிடைக்கும் மனநிறைவையும் வரவில் வை என்றார்கள். கணக்கைச் சரிக்கட்ட ஒரு எண்ணைச் சேர்த்தது மாதிரி இருக்கிறதே என்று நான் கேட்டேன். ஆராய்ச்சியாளர்களே அந்தக் குறையைச் சொல்லியிருக்கிறார்கள் என்றார் மேடம். எனக்கு 2011 தேர்தலில் பார்த்த ஒரு பெண் ஞாபகம் வந்தாள். சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, இடுப்பில் தூங்கும் குழந்தையோடு ஏழு மணிக்கு வரிசையில் முதல் ஆளாக நின்றாள். "பேர எடுத்துட்டாங்கன்னா என்னா பண்றது டீச்சர்" என்றாள். போடாவிட்டால் பட்டியலிலிருந்து, அதாவது ஊரிலிருந்தே, தன் பெயர் போய்விடும் என்ற பயம் அது. டவுன்ஸின் கணக்கில் அதற்கு எங்கே இடம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதே நாளில் மிச்சிகன் மாநிலத்தில் 2006-இல் நடந்த ஒரு சோதனையையும் சொன்னார். கெர்பர், கிரீன், லாரிமர் மூவரும் குலுக்கல் முறையில் வீடுகளைப் பிரித்து விதவிதமான கடிதம் அனுப்பினார்கள். ஒரு வகைக் கடிதத்தில், உங்கள் தெருவில் யார் யார் போன தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள், யார் போடவில்லை என்ற பட்டியல் இருந்தது. தேர்தல் முடிந்ததும் புதுப் பட்டியல் வரும் என்றும் எழுதியிருந்தது. கடிதமே போகாத வீடுகளைவிட அந்த வீடுகளில் எட்டு சதவீதப் புள்ளி அதிகமாக ஓட்டு விழுந்தது. யாருக்குப் போட்டாய் என்று யாரும் கேட்கவில்லை. போனாயா என்று மட்டும்தான். நம் ஊரில் இதைச் சாவடிக்குள் உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட் செய்கிறார். பட்டியலில் கோடு போட்டுக்கொண்டே வருவார், மூன்று மணிக்கு மேல் வராதவர் வீட்டுக்கு ஆட்டோ போகும். நான் இருபத்தைந்து வருடம் பார்த்த அந்தக் கோடு ஓர் ஆராய்ச்சிப் பொருள் என்று அன்றுதான் தெரிந்தது.

மழையைப் பற்றிய பாடம் எனக்கு நெருக்கமாக இருந்தது. கோல், ஹீலி, வெர்கர் என்ற மூவர் இந்திய மாநிலத் தேர்தல்களையும் மழை அளவையும் சேர்த்துப் பார்த்து 2012-இல் எழுதிய கட்டுரை அது. மழை பொய்த்தாலும், அளவுக்கு மீறிக் கொட்டினாலும் ஆளுங்கட்சிக்கு ஓட்டு குறைகிறது. மழைக்கு யார் என்ன செய்வார்கள்? ஆனாலும் குறைகிறது. நிவாரணத்தில் அரசு வேகமாக இறங்கினால் அந்தத் தண்டனை கொஞ்சம் குறைகிறது. தானே புயல் 2011 டிசம்பர் 30 அதிகாலை எங்கள் கரையில்தான் ஏறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவள் நான். 2015 வெள்ளத்தில் எங்கள் பள்ளிக்கூடமே முகாமாக இருந்தது. முகாமில் மக்கள் புயலைத் திட்டவில்லை. எந்தத் தெருவுக்குப் படகு வந்தது, எதற்கு வரவில்லை என்றுதான் பேசினார்கள். அந்தக் கட்டுரையின் அட்டவணையைப் பார்த்தபோது அந்தப் பேச்சு என் காதில் கேட்டது.

படிவம் 20 பற்றிய வகுப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாவடிவாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்று தேர்தல் ஆணையம் வெளியிடும் தாள் அது. மேடம் முதலில் ஆந்த்ரே சீக்ஃபிரீட் என்ற பிரெஞ்சுக்காரரைப் பற்றிச் சொன்னார். 1913-லேயே மேற்கு பிரான்ஸின் தேர்தல் முடிவுகளை வரைபடத்தில் போட்டு, கருங்கல் பூமி வலதுசாரிக்கு, சுண்ணாம்புக்கல் பூமி இடதுசாரிக்கு என்று காட்டியவர். கல்லா ஓட்டுப் போடுகிறது? கல் தண்ணீரைத் தீர்மானிக்கிறது, தண்ணீர் வீடுகள் சேர்ந்திருப்பதையும் சிதறியிருப்பதையும் தீர்மானிக்கிறது, அதிலிருந்து பண்ணையாரும் பாதிரியாரும் எவ்வளவு பிடி வைத்திருக்கிறார்கள் என்பது வருகிறது. சொல்தா வீட்டு அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அவர்கள் தேர்தலில் இரண்டு சுற்று உண்டு. முதல் சுற்றில் பிடித்தவருக்குப் போடுவதும், இரண்டாவதில் வேண்டாதவரைத் தடுக்கப் போடுவதும் அங்கே வழக்கம் என்றார். நமக்கு இரண்டு வேலையையும் ஒரே பொத்தானில் முடிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து எச்சரிக்கை வந்தது. ஒரு சாவடியில் மீனவர் வீடு அதிகம், அங்கே ஒரு கட்சிக்கு ஓட்டும் அதிகம் என்றால், மீனவர்கள் அந்தக் கட்சிக்குப் போட்டார்கள் என்று எழுதிவிடலாமா? கூடாது. 1950-இல் ராபின்சன் என்ற ஆராய்ச்சியாளர் இதை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்தே காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் உள்ள மாநிலங்களில் படிப்பறிவு அதிகமாக இருந்தது. ஆனால் ஆள் ஆளாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குத்தான் படிப்பறிவு குறைவு. வந்தவர்கள் வளமான, படித்த மாநிலங்களில் குடியேறினார்கள், அவ்வளவுதான். கூட்டத்தின் எண்ணைத் தனி ஆளின் தலையில் கட்டக் கூடாது. தேர்தல் முடிந்த மறுநாள் நம் பத்திரிகைகளிலும் டீக்கடையிலும் செய்வது முழுக்க இந்தத் தப்புதான்.

எனக்கு வேறொரு கவலையும் அன்று வந்தது. ஒரு சாவடியில் ஆயிரம் பேர். படிவம் 20-ஐப் பார்த்தால் எந்தத் தெரு யாருக்குப் போடவில்லை என்று ஜெயித்தவருக்குத் தெரியும். பல சாவடி மெஷின்களைச் சேர்த்து எண்ணும் டோட்டலைசர் கருவி வேண்டும் என்று தேர்தல் ஆணையமே கேட்டது, இன்னும் வரவில்லை. ஆராய்ச்சிக்குப் பொக்கிஷமான தாள், அந்தத் தெருவுக்கு ஆபத்தாகவும் ஆகலாம். மேடம் இதை மழுப்பாமல் பேசினார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது அங்கேதான்.

ஏழாவது, எட்டாவது ஞாயிறு களப்பணி. வகுப்பின் உயிர் இதுதான். டெல்லியில் உள்ள சி.எஸ்.டி.எஸ். நிறுவனம் 1960-களிலிருந்து தேர்தல் ஆய்வு செய்கிறது. வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் எடுத்து, வீட்டுக்கே போய், தேர்தல் முடிந்த பிறகு உட்கார்ந்து பேசும் முறை அவர்களுடையது. யாருக்குப் போட்டீர்கள் என்று வாயால் கேட்பதில்லை. சின்னங்கள் அச்சடித்த போலி வாக்குச்சீட்டைக் கையில் கொடுக்கிறார்கள். அவர் தனியாகக் குறித்து, மடித்து, ஒரு பெட்டியில் போடுகிறார். இதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது. என் அட்டை மறைவை ஆராய்ச்சியாளர்களும் கையோடு தூக்கிக்கொண்டு போகிறார்கள்!

எனக்குக் கிடைத்தது ஓ.டி.யில் துறைமுகத்தை ஒட்டிய, வாக்காளர் பட்டியலின் ஒரு பாகம். பட்டியலில் 1,040 பெயர், எனக்கு 20 பேர் வேண்டும். 52-க்கு ஒன்று. முதல் எண்ணைக் குலுக்கல் போட்டு எடுத்துக்கொண்டு அங்கிருந்து 52, 52 ஆகத் தாண்டிப் போக வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்ளக் கூடாது. திரும்பப் போக வேண்டும். ஒருவரைத் தேடி மூன்று தடவை போனேன். விடியற்காலையில் கடலில் இருப்பார், திரும்பினால் ஏலத்தில் இருப்பார். ஐந்து பேர் கிடைக்கவே இல்லை. இருவர் இறந்துவிட்டார்கள், மூவர் வெளியூரில். வீட்டிலேயே கிடைக்கிறவர்களை மட்டும் கேட்டால், அடுப்பு எரிந்த பக்கத்துச் சோற்றை மட்டும் எடுத்த கதைதான். பார்த்த பதினைந்து பேரும் 2024 தேர்தலில் ஓட்டுப் போட்டதாகச் சொன்னார்கள். சாவடிக் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. போடாதவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு போட்டேன் என்று சொல்வது உலகம் முழுக்க உள்ளது என்றார் மேடம்.

ஒரு வீட்டில் மீன் விற்கும் அம்மா. எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். சீட்டை நீட்டியதும், "யாருக்குப் போட்டேன்னு எங்க ஊட்டுக்காரருக்கே நான் சொன்னதில்ல டீச்சர்" என்றார். நானும் பார்க்க மாட்டேன், பெட்டியில்தான் போடப்போகிறீர்கள் என்றேன். சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், கிரைண்டர் மேடைமேல் வைத்துக் குறித்து, அடகுச் சீட்டு மடிக்கிற மாதிரி எட்டாக மடித்துக் கொண்டுவந்தார். வகுப்பில் எங்களுக்குக் கொடுத்திருந்தது செருப்புக் கடை அட்டைப்பெட்டி. துளை சின்னது. எட்டாக மடித்த சீட்டு சிக்கிக்கொண்டது. அவர் அழுத்தினார், மூடி பிய்ந்து திறந்தது. முன்னால் போட்ட நான்கைந்து சீட்டு உள்ளே விரிந்து கிடந்தது எங்கள் இருவர் கண்ணிலும் பட்டது. அந்த அம்மா முகம் மாறிப்போனது. தன் சீட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "வேணாம் டீச்சர்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அவரிடம் வேறு பேச எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. வகுப்பில் நான் கோபமாகவே பேசினேன். இத்தனை நுணுக்கமாகப் பாடம் எடுப்பவர்கள் பெட்டியில் அலட்சியமாக இருக்கலாமா? மேடம் சாக்குச் சொல்லவில்லை, எழுதிக்கொண்டார்.

ஒன்பதாவது ஞாயிறு ஓட்டுக்குக் கொடுக்கும் காசு. 'கவர்' வாங்கினீர்களா என்று நேராகக் கேட்டால் யார் சொல்வார்கள்? 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலே பணப் பிரச்சினையில் ரத்தானது. ஆனாலும் கேள்வி கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பாதிப் பேரிடம் நான்கு விஷயம் உள்ள பட்டியலைக் கொடுத்து, இதில் உங்களுக்கு எத்தனை நடந்தது என்று எண்ணை மட்டும் கேட்கிறார்கள். மீதிப் பேருக்கு அதே நான்கோடு ஐந்தாவதாகப் பணம் அல்லது பொருள் வாங்கியதும் சேரும். எது எது என்று யாரும் சொல்ல வேண்டாம். இரண்டு கூட்டத்தின் சராசரியைக் கழித்தால் பணம் வாங்கியவர்கள் பங்கு வந்துவிடும். நிகராகுவாவில் 2008 தேர்தலுக்குப் பிறகு இப்படிச் செய்தார்கள். நேராகக் கேட்டபோது 2.4 சதவீதம் பேர்தான் ஒப்புக்கொண்டார்கள்; பட்டியல் முறையில் சுமார் 24 சதவீதம். ஒருவரையும் காட்டிக்கொடுக்காமல் உண்மையை வெளியே எடுக்கும் இந்தக் கழித்தல் கணக்கைப் போல அழகான ஒன்றை நான் சமீபத்தில் பார்க்கவில்லை. வாங்கியவர் கொடுத்தவருக்கே போட்டார் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது என்பதையும் மேடம் அழுத்திச் சொன்னார்.

இப்போது குறைகள். சாதிக்கு நாற்பது நிமிடம்தான் ஒதுக்கினார்கள். கடலூர் மாவட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது போதவே போதாது. கையில் வேறு தகவல் இல்லாத இடத்தில், வாக்காளர் தன் ஆட்கள் எத்தனை பேருக்கு ஒரு கட்சி இடம் கொடுத்திருக்கிறது என்று தலை எண்ணிப் பார்க்கிறார் என்ற அரசியல் ஆராய்ச்சியாளர் காஞ்சன் சந்திராவின் வாதத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். 'இந்தத் தொகுதியில் இன்ன சாதி இத்தனை சதவீதம்' என்று பத்திரிகைகள் போடும் எண்கள் எங்கிருந்து வருகின்றன, ஒரு சாதிக்குள்ளேயே ஓட்டு எப்படிப் பிரிகிறது என்பதை எல்லாம் உட்கார்ந்து பேச இரண்டு ஞாயிறு வேண்டும். பயந்துகொண்டு சுருக்கினார்களோ என்றுகூட எனக்குத் தோன்றியது. அப்படியானால் அது தப்பு.

புள்ளியியல் வகுப்புக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். திரை முழுக்க ஆங்கிலம், வேகமும் அதிகம். மகளிர் குழுப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டார். அன்று மதியம் நானும் சட்டக்கல்லூரிப் பையனும் வெள்ளைப் பலகையில் அதே பாடத்தைத் தமிழில் நடத்தினோம், புரிந்துகொண்டார்கள். பாடக்குறிப்பு 96 பக்க ஜெராக்ஸ். அட்டவணைகள் மங்கல், பக்க எண் இரண்டு இடத்தில் மாறியிருக்கிறது.

எக்ஸிட் போல் பற்றிக் கற்றுக்கொள்ளலாம் என்று சேராதீர்கள். கட்சிக்காரர்களில் ஒருவர் மூன்றாம் வாரமே நின்றுவிட்டார். யார் ஜெயிப்பார் என்று இங்கே சொல்லித்தருவதில்லை. 2004-லும் 2024-லும் கணிப்புகள் எப்படித் தவறின, ஓட்டு சதவீதத்தை இடங்களாக மாற்றும்போது எங்கே வழுக்குகிறது, எதிர்க்கட்சிகள் ஒன்றாக நிற்கிறார்களா பிரிந்து நிற்கிறார்களா என்பதைத் தேர்தல் ஆய்வாளர்கள் பிரணாய் ராயும் அசோக் லாகிரியும் ஏன் ஓர் அளவுகோலாக்கினார்கள் என்பதெல்லாம் ஒரு மணி நேரத்தில் வரும். அவ்வளவுதான்.

பத்திரிகையில் வேலை செய்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், என் மாதிரித் தேர்தல் டியூட்டி பார்த்த டீச்சர்கள் கட்டாயம் போகலாம். வாக்குச்சாவடி அலுவலர் டியூட்டி பார்த்தவர்களுக்கு ஒவ்வொரு பாடத்திலும் சொந்தமாக ஒரு ஞாபகம் எழும்பும். கடலூரிலிருந்து ஒன்பது மணிக்குள் பஸ் ஏறிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அரியாங்குப்பத்துக்கும் முதலியார்பேட்டைக்கும் நடுவில் வண்டி நகராது. தண்ணீர் பாட்டில் கையோடு இருக்கட்டும்.

கடைசி வகுப்புக்கு முந்தின வாரம், எங்கள் தெரு ஆசாரியிடம் சொல்லி பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்து கொடுத்திருக்கிறேன். மூடிக்குக் கீல், சின்னப் பூட்டு, மேலே நாலு அங்குல நீளத்துக்குத் துளை. நான் எட்டாக மடித்த சீட்டைப் போட்டுப் பார்த்தேன், சிக்காமல் விழுந்தது. அது மேடத்தின் அலமாரியில் இருக்கிறது. களப்பணி நாளில் உங்களுக்கு மறுபடி அட்டைப்பெட்டி கொடுத்தால் வாங்காதீர்கள், அதைக் கேளுங்கள்.